சித்திரை வெயிலில் தொட்டிச் செடியின் இலை வெளுத்தால் எங்கே பார்ப்பது?

பங்குனி பிறந்ததும் எங்கள் தெருவில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். "ஏனுங்க, கருவேப்பிலை வெளுத்துப் போச்சுங்க, ஒரு கை யூரியா போடட்டுங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். போட வேண்டாம் என்று நான் பதறிக்கொண்டு சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு ஈரோட்டில். மொட்டை மாடிக்கு மேற்கு வெயில் தடையில்லாமல் விழும். மூன்று வருடத்துக்கு முன் சித்திரையில் என் மிளகாய்ச் செடிகளின் இலை மஞ்சளாகத் தொடங்கியது. பசிக்கிறது போல என்று நினைத்துக் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றினேன். இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மதியமும் ஊற்றினேன். பன்னிரண்டு நாளில் பதினொரு செடிகள் போய்விட்டன. செடி வளர்த்த பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் முழுக்கப் பழுப்பு, தொட்டால் தோல் உரிந்து வந்தது. மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தச் செடிகளுக்குச் சத்துக் குறைவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் குறிப்பு எழுதி வைக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: கொங்குப் பக்கத்துக் கோடையில் தொட்டிச் செடி வெளுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை வேர்ச் சூடு, உப்புத் தண்ணீர், செம்பேன் (இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப் பேன்) ஆகிய மூன்றும்தான். சத்துக் குறைவு அதற்குப் பின்னால் வரும். இந்த மூன்றும் இல்லை என்று தெரியும் வரை உர மூட்டையின் வாயைக் கட்டியே வையுங்கள். நான் இங்கே சொல்வது மிளகாய், தக்காளி, கத்திரி, வெண்டை, கறிவேப்பிலை, எலுமிச்சைக்குப் பொருந்தும். பூச்செடிகளில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.

கை வைப்பதற்கு முன்

செடியைக் காலை ஆறரை மணிக்குப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் நல்ல செடியும் நோயாளி போலத்தான் நிற்கும். வேர் உறிஞ்சுவதைவிட இலை ஆவியாக விடுவது அதிகமாக இருக்கும் நேரம் அது. மதியம் தொங்கிய இலை மறுநாள் காலை நிமிர்ந்து நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கினால்தான் வேரில் கோளாறு.

அடுத்து, வெளுத்தது பழைய இலையா, குருத்தா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் இடம் மாறக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி கீழ் இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் கீழ் இலை முதலில் வெளுக்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் போன இடத்திலேயே தங்கிவிடும். அவை குறைந்தால் அடி இலைகள் பச்சையாக இருக்க, குருத்து மட்டும் வெளுக்கும் அல்லது கோணலாக வரும்.

அப்புறம் விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டு ஈரம் பாருங்கள், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பையின் மேற்குப் பக்கத்தைப் பிற்பகலில் ஒருமுறை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இனி இலை என்ன சொல்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

இலை ஓரமும் நுனியும் காய்ந்து பழுப்பாகிறது

நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதுதான். பழைய இலையின் நுனியில் தொடங்கி ஓரம் வழியாகத் தீய்ந்துகொண்டே உள்ளே வரும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு இருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், ஆனாலும் தீய்ச்சல் நிற்காது.

மேல்மண்ணையும் பையின் அடித் துளைகளையும் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் தண்ணீரில் வந்த உப்புதான் காரணம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. மற்ற இடங்களில் குடிப்பதற்கு ஆற்றுத் தண்ணீர், மீதி எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்றுதான் பெரும்பாலான வீடுகள் ஓடுகின்றன. நம் ஊரில் உப்புத் தண்ணி, சப்பத் தண்ணி என்று சொல்கிற அதே தண்ணீர்தான் தொட்டிக்கும் போகிறது. திருப்பூரைத் தாண்டி நொய்யல் கரை ஓரமாகக் கிணறு, போர் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாயக் கழிவு பல வருடம் இறங்கிய மண் அது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிடும் அளவுக்குப் போன விஷயம்.

உப்பு எப்படிச் சேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1500 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு. கோடையில் ஒரு பைக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் மூன்று கிராம். அறுபது நாளில் 180 கிராம். செடி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அடித் துளை வழியாகக் கொஞ்சம் போகும். ஆனால் நாம் கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிக்க, கீழே வழியாத அளவுக்குத்தான் ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு எங்கும் போவதில்லை. தோட்டத்து மண்ணில் மழை அதை ஆழத்துக்குக் கொண்டுபோகும். பைக்குள் ஒரு முழத்துக்குக் கீழே போக இடமே இல்லை.

உப்பு மிஞ்சிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. செடிக்கு அது வறட்சி போலத்தான். அதனால்தான் நான் ஊற்ற ஊற்ற என் மிளகாய் காய்ந்தது. பீன்ஸ், எலுமிச்சை, கத்திரி, மிளகாய் இவையெல்லாம் உப்பு தாங்காத கூட்டம். தக்காளி கொஞ்சம் தாங்கும். அதனால் ஒரே தண்ணீரில் தக்காளி நன்றாக இருந்து மிளகாய் மட்டும் தீய்ந்தால், சந்தேகம் இன்னும் பலப்படுகிறது.

குடிநீர் பார்க்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் போதும். பைக்கு நன்றாக ஊற்றி, அடியில் வழியும் தண்ணீரை ஒரு தட்டில் பிடித்து அளங்கள். ஊற்றிய தண்ணீரைவிட வழிந்த தண்ணீர் இரண்டு மூன்று மடங்கு காட்டினால் பைக்குள் உப்பு குவிந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீரே 500-க்குள் இருந்தால் நான் யோசிப்பதில்லை. 1000 தாண்டினால் நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறேன். அதற்கும் வெகுவாக மேலே போனால் மிளகாய்க்கும் எலுமிச்சைக்கும் அந்தத் தண்ணீரைக் காட்டுவதே இல்லை.

பல வீடுகளில் நல்ல எண்ணத்தோடு செய்கிற ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடுதான் வெளியே வருகிறது. பாதித் தண்ணீர் வெளியே போனால் அதன் உப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதை மாடி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. ஒரு வாளி வைத்துப் பிடித்தால் கோடையில் தினமும் நிறையும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம்.

சேர்ந்த உப்பை வெளியேற்ற ஒரே வழி கழுவுவது. மேல் பொருக்கை அரை அங்குலம் சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். பிறகு கிடைக்கும் தண்ணீரில் நல்லதை எடுத்து, பையில் இருக்கும் மண்ணின் கன அளவைப் போல இரண்டு மடங்கு, மெதுவாக, விட்டு விட்டு ஊற்றுங்கள். பன்னிரண்டு அங்குலப் பைக்கு முப்பது லிட்டருக்கு மேல் ஆகும். கோடையில் அவ்வளவு தண்ணீர் எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் எல்லாப் பைக்கும் செய்வதில்லை. பிழைக்கக் கூடிய செடிகளைத் தேர்ந்தெடுத்து, குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் ஒரு நாளைக்கு நான்கு பை என்று செய்கிறேன். துளைகள் அடைபட்டிருந்தால் முதலில் குச்சி விட்டுத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் கழுவுவது மூழ்கடிப்பதாகிவிடும். கழுவிய பின் பத்து நாள் எந்த உரமும் வேண்டாம். அதன் பிறகு இரண்டு கை மண்புழு உரம் போதும், ஏனென்றால் உப்போடு சேர்ந்து தழைச்சத்தும் கழுவப்பட்டிருக்கும்.

இது உப்புதானா என்பதை வானமும் காட்டிக்கொடுக்கும். சித்திரையில் ஒரு கோடை மழை நன்றாக அடித்து, பை நிறைந்து வழிந்த ஒரு வாரத்தில் புதுக் குருத்துகள் பளிச்சென்று வந்தால், நீங்கள் ஊற்றிய தண்ணீரில்தான் குறை இருந்தது.

மண் ஈரமாக இருக்கிறது, செடி மொத்தமும் மங்கி மஞ்சளாகிறது

அழகாக நரம்பு நரம்பாக எல்லாம் மஞ்சளாகாது. பச்சை மங்கி, இலை கனம் குறைந்து, காலையிலும் சோர்ந்தே நிற்கும். லேசாக ஆட்டினாலே கீழ் இலைகள் உதிரும்.

இங்கே வேர் வெந்துகொண்டிருக்கிறது, அல்லது அழுகிக்கொண்டிருக்கிறது. கோடையில் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். போன சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சமையல் வெப்பமானியை ஒரு கறுப்புப் பையின் மேற்கு ஓரத்தில் செருகிப் பார்த்தேன். 47 டிகிரி காட்டியது. அதே பையின் நடுவில் 38. பக்கத்தில் இருந்த பழைய மண் தொட்டியின் ஓரத்தில் 36-தான். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் அது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது, நம் வீட்டுப் பானையைப் போலவே. பிளாஸ்டிக் பைக்கு அந்த வழி இல்லை. பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு வேர்ப்பகுதி 35 டிகிரியைத் தாண்டினாலே உறிஞ்சும் வேலை தளர ஆரம்பிக்கும். ஓரத்து வேர்கள் செத்ததும் செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். செத்த வேர் குடிக்காது. சூடான ஈர மண்ணில் காற்றும் குறைவு, அழுகல் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு செடியைப் பையோடு சாய்த்து, மண் கட்டியை மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ வேர் இருந்தால் நல்லது. மேற்குப் பக்கம் மட்டும் பழுப்பாக, கிழக்குப் பக்கம் வெள்ளையாக இருந்தால் சூடு. எல்லாப் பக்கமும் பழுப்பாக, சாக்கடை வாடை அடித்தால் அழுகல்.

சூட்டுக்கு நான் செய்பவை, பலன் கொடுத்த வரிசையில்: முதலாவது, பைகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வைத்து, மேற்கு ஓரத்து வரிசைக்கு நனைத்த சணல் சாக்கைச் சுற்றிவிடுவது. சாக்கு ஈரமாக இருக்கும் வரை பை குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாவது, தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுவது. பகல் முழுக்கச் சூடேறிய தளம் இரவு பத்து மணி வரை அனல் விடும், அடியில் காற்றோட்டம் இருந்தால் அது பைக்கு ஏறாது. மூன்றாவது, மேல்மண்ணுக்கு இரண்டு அங்குலம் மூடாக்கு. பொள்ளாச்சிப் பக்கம் உறவினர் இருந்தால் தேங்காய் மஞ்சிக்குப் பஞ்சமில்லை. இல்லாதவர்கள் காய்ந்த இலை, கரும்புச் சோகை எதுவும் போடலாம். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள்.

நிழல்வலை கட்டுவதானால் 50 சதவீத வலை போதும். மேலே மட்டும் கட்டாமல் மேற்குப் பக்கமும் தொங்கவிடுங்கள். மூன்று மணி வெயில் பக்கவாட்டில்தான் வருகிறது. செடியின் தலையில் படும்படி தாழ்த்திக் கட்டினால் வலைக்குக் கீழே அனல் தங்கும். ஆடிக்கு முன்னால் முடிச்சுகளை இறுக்கிக்கொள்ளுங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாடியில் கிடக்கும் ஓஸ் பைப்பில் தேங்கிய தண்ணீர் பிற்பகலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரும் மாலை ஐந்து மணிக்கு வெந்நீர்தான். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். மாலையில் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு போசி (பாத்திரம்) தண்ணீரைத் தளத்தில் விட்டுவிட்டு, ஆறின தண்ணீர் வந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

அழுகல் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தச் செடியை நான் காப்பாற்ற முயல்வதில்லை. மண்ணை வெயிலில் பரப்பிக் காயவிட்டு அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். பாதிக்குக் கீழே என்றால் செத்த வேரை வெட்டி, அதே அளவுக்குக் கிளையையும் வெட்டி, புது மண் கலவையில் நட்டு, பத்து நாள் நிழலில் வைத்தால் மிளகாயும் கத்திரியும் அநேகமாகத் துளிர்க்கும். தக்காளி துளிர்ப்பது அரிது.

குருத்து வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இதைத் தவறவே விட மாட்டீர்கள். புது இலை எலுமிச்சம்பழ மஞ்சளில், அதன் மேல் பச்சை நூலால் வலை பின்னியது போல நரம்புகள். முற்றினால் இலை காகிதம் போல வெள்ளையாகிவிடும். அடி இலைகள் கரும்பச்சையாகவே இருக்கும்.

இது இரும்புச் சத்துக் குறைவு. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். கொங்கில் பல இடங்களில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது. போர் தண்ணீரும் அதைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். தினமும் அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணில் காரத் தன்மை (புளிப்புக்கு எதிரானது) ஏறுகிறது. கார மண்ணில் இரும்பு கரையாமல் இறுகிவிடும், வேர் எடுக்க முடியாது. கோடையில் ஊற்றும் அளவு கூடுவதால் இந்த வெளுப்பும் கூடுகிறது. ஒரு கரண்டிக் காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம்.

உடனடி மருந்து அன்னபேதி (இரும்பு சல்பேட்). ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, பிறகு ஐந்து கிராம் அன்னபேதியைக் கரைத்து வடிகட்டி, பொழுது சாய்ந்த பிறகு குருத்துகள் நனையத் தெளியுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டால் பலன் இல்லை, கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். தளத்தில் சிந்தினால் துருக் கறை போகாது, அடியில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். கடையில் கீலேட் இரும்பு என்று விற்பதை மண்ணில் ஊற்ற வாங்குவதானால் உறையில் ஈ.டி.டி.எச்.ஏ. என்று இருக்கிறதா பாருங்கள். ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரம் இரும்பை விட்டுவிடும், அதை இலையில் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் பழக்கம். அதில் விஷயம் இருக்கிறது. மோரின் புளிப்பு வேரைச் சுற்றிக் கொஞ்ச நேரத்துக்குக் காரத்தைத் தணிக்கும். பத்துக்கு ஒன்று கலந்து, மாதம் இரண்டு முறை ஊற்றுங்கள். உப்புப் போட்ட மோர் மட்டும் கூடவே கூடாது. ஆனால் தினமும் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாதம் இரண்டு முறை மோர் ஊற்றினால் தணிந்த காரம் மறுநாளே திரும்பிவிடும். தண்ணீரை மாற்ற முடிந்தவர்கள் அதை முதலில் மாற்றுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணும் நீரும் ஆய்வு செய்து தருகிறார்கள். எலுமிச்சை போலப் பல வருடம் நிற்கும் செடி வைத்திருப்பவர்கள் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

கீழ் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது

மாதம் இரண்டு மூன்று இலை என்றால் முதுமை, விட்டுவிடுங்கள். வரிசையாக மஞ்சளாகி மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு. இலை முழுக்க, நரம்பும் சேர்ந்து, ஒரே சீராக வெளுக்கும்.

வாங்கிய மண் கலவையில் தேங்காய் நார்க்கழிவு அதிகமாக இருந்தால் இது சீக்கிரம் வரும். மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோடையில் நான் புண்ணாக்குத் தண்ணீரும் யூரியாவும் கொடுப்பதில்லை. மண்புழு உரம் இரண்டு கை, அல்லது பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. அடுத்த முறை நார்க்கழிவுக் கட்டி வாங்கினால் மூன்று தண்ணீர் அலசிப் பயன்படுத்துங்கள், நாரிலேயே உப்பு இருக்கும்.

கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவெளி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். தக்காளியில் அடிக்கடி வரும். எப்சம் உப்பு லிட்டருக்கு ஐந்து கிராம், மாலையில், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் நின்றுவிடும்.

ஊசியால் குத்தியது போல வெளிர் புள்ளிகள்

தூரத்திலிருந்து பார்த்தால் இலையில் புழுதி படிந்தது போல, பச்சை மங்கித் தெரியும். கிட்டே போனால் ஆயிரம் வெளிர் புள்ளிகள். இதைச் சத்துக் குறைவு என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வெள்ளைக் காகிதத்தை இலைக்கடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெதுவாக நடந்தால் செம்பேன். காகிதத்தில் விரலால் தேய்த்தால் கறை இழுக்கும். முற்றிய நிலையில் இலைக்கும் காம்புக்கும் நடுவே மெல்லிய நூலாம்படை தெரியும்.

வெயிலும் வறட்சியும் இதற்குக் கொண்டாட்டம். சூட்டில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அதனால் ஒரே ஒரு தெளிப்பு எதையும் சாதிக்காது. முதல் மூன்று நாள் அதிகாலையில் வெறும் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடியுங்கள். பாதிக் கூட்டம் போய்விடும். பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை, வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்புக் கலந்து தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து மில்லி. எதுவானாலும் சூரியன் இறங்கிய பிறகுதான். எண்ணெய் பூசிய இலையை மறுநாள் வெயிலில் வாட்டினால் பேனைவிட நாம்தான் அதிகம் கெடுப்போம், அதனால் ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கடையில் நனையும் கந்தகத் தூள் தருவார்கள். நல்ல மருந்துதான், ஆனால் வெயில் 35 டிகிரியைத் தொடும் மாதங்களில் அது இலையைப் பொசுக்கும்.

மிளகாயில் இலை சுருண்டால் சுருளும் திசையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி என்னும் நுண்ணிய பேன். இரண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலில்தான் தொடங்குகிறேன், குருத்து நன்றாக நனைய வேண்டும்.

நரம்பு மஞ்சள், நடுவெளி பச்சை

இரும்புக் குறைவின் நேர் தலைகீழ். வெண்டையில் வந்தால் மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. மருந்து கிடையாது. மனசு வராது என்று தெரியும், இருந்தாலும் அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதிச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிடுங்கள்.

மேற்குப் பக்க இலையில் மட்டும் வெள்ளைத் திட்டு

வெயில் பொசுக்கியது. நாற்றங்காலில் நிழலில் வளர்ந்த செடியை வாங்கி வந்து நேராக மாடியில் வைத்தால் மூன்றே நாளில் வரும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் பதினோரு மணி வரை என்று பழக்குங்கள். கத்தரி வெயில் நடக்கும் மே 4 முதல் மாதக் கடைசி வரை நான் புதுச் செடி வாங்குவதே இல்லை.

தக்காளிப் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறதே என்றும் கேட்கிறார்கள். அது நோயில்லை. 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும். நிறம் திரும்பத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் சிவக்கும்.

மருந்து கொடுத்த பிறகு

தீய்ந்த இலை திரும்பப் பச்சையாகாது. அதையே பார்த்துக்கொண்டு குணமாகவில்லை என்று அடுத்த மருந்துக்குத் தாவாதீர்கள். மருந்து கொடுத்த நாளில் இருக்கும் கடைசிக் குருத்தின் காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். அந்த நூலுக்கு மேலே வரும் இலைகளை மட்டும் பாருங்கள். மிளகாயில் பத்து நாள், கறிவேப்பிலையில் மூன்று வாரம், எலுமிச்சையில் அடுத்த துளிர் வரும் வரை காத்திருக்க வேண்டும். பாதி தீய்ந்த பழைய இலைகளை அதுவரை கிள்ள வேண்டாம். தண்டுக்கும் மண்ணுக்கும் அவைதான் இப்போதைக்கு நிழல். நூலுக்கு மேலே நான்கு நல்ல இலை விரிந்த பிறகு, ஒரு மாலையில், கீழிருந்து ஒன்றொன்றாக எடுத்துவிடுங்கள்.